கண்மாய்க்கு அறங்காவலர் யார்?

(கிராமப்புறச் சூழல் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ள இளைஞர்களுக்கான ஒரு நாள் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



'சூழல் பாதுகாப்பில் தன்னார்வலர்களின் பங்கு' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். காலையிலிருந்து பேசிய தோழர்கள் மரம், பறவை, நீர்நிலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். நான் அந்த வேலைகளை நடத்துகிற டிரஸ்டுகளைப் பற்றி, அதிலும் அங்கே சம்பளம் வாங்காமல் அறங்காவலர்களாக உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். நானும் அதில் ஒருவன் என்பதால் இதைக் குற்றப்பத்திரிகை என்றும் எடுத்துக்கொள்ளலாம், வாக்குமூலம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

நான் நகரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். சொந்த ஊர் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாய் ஊர். ஊர் என்று சொன்னால் எங்கள் தெரு அதில் சேராது என்பதை இந்த அரங்கத்தில் விளக்க வேண்டியதில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, கண்மாய் வெடித்துக் கிடந்தபோது, ஊரில் படித்தவர்கள் சிலர் கூடி ஒரு டிரஸ்ட் ஆரம்பித்தார்கள். ஒன்பது அறங்காவலர்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பொதுப்பணித் துறையில் இருந்து வந்த பொறியாளர், சென்னையில் தொழில் செய்கிறவர் இரண்டு பேர், உரக்கடைக்காரர், இப்படி. பெண் ஒருவர்கூட இல்லை. எங்கள் தெருவிலிருந்து நான் ஒருவன். 12ஏ, 80ஜி பதிவுகளுக்குக் கணக்கு தெரிந்த ஆள் வேண்டும். "உங்க பக்கத்துலேருந்தும் ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும் தம்பி" என்றார் தலைமையாசிரியர். ஒரே ஆளில் இரண்டு தேவையும் முடிந்தது.

அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தலைமையாசிரியர் தன் ஓய்வூதியத்தில் பொக்லைனுக்கு டீசல் போட்டவர். பொறியாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் நின்று வெயில் வாங்கியவர். ஒரு பைசா எடுத்தவர் கிடையாது. கணக்கு என் கையில் இருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியும். பிரச்சினை யோக்கியத்தில் இருந்திருந்தால் என் வேலை சுலபம்.

முதல் கூட்டத்திலேயே பத்திரத்தில் ஒரு வரி எழுதினோம். அறங்காவலர்கள் எந்தச் சம்பளமும் படியும் பெறாமல் சேவை மனப்பான்மையுடன் பணியாற்றுவார்கள் என்று. எல்லோரும் தலையாட்டினோம், நான் உட்பட. அந்த வரி எங்கள் தெருவுக்குக் கதவைச் சாத்துகிறது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. மாதத்தில் இரண்டு நாள் கூட்டம், அது போக ஆட்சியர் அலுவலகம், வங்கி, சார்பதிவாளர் அலுவலகம் என்று அலைச்சல். கூலிக்குப் போகிற ஆள் இதற்கு வந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. ஆக, 'சம்பளம் வாங்காதவர்' என்ற தகுதிக்குள்ளேயே 'சம்பளம் தேவைப்படாதவர்' என்ற தகுதி இருக்கிறது. நம் கிராமங்களில் அந்தத் தகுதி எந்தத் தெருவில் குடியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

இதில் இன்னொன்று இருக்கிறது. கூலி வாங்காமல் கண்மாய் வேலை பார்ப்பது எங்களுக்குப் புதிதா? சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கூலியில்லாமல் வாங்கும் உழைப்புக்கு அந்தப் பெயர். இன்றைக்கு நாம் 'வெட்டி வேலை' என்று கிண்டலாகச் சொல்கிறோம். குடிமராமத்து என்றால் ஊர் கூடிச் செய்த பழைய ஒற்றுமை என்று மேடைகளில் உருகுகிறார்கள். வெள்ளைக்காரன் 1858-இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே பெயர் விளங்க ஒரு சட்டம் போட்டான். வெள்ளத்தில் கரை உடையும் ஆபத்து வந்தால், சுற்றுவட்டாரத்தில் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்களை வேலைக்கு அழைக்கலாம். பாசன வேலைகளில் வழக்கமாகச் செய்யும் உழைப்பைச் சட்டத்தின் வழியாகவும் வாங்கலாம். அந்த 'வழக்கம்' யார் முதுகில் இருந்தது? நிலம் வைத்திருந்தவர் தானே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

ஆக, ஒரே கண்மாய்க் கரையில் இரண்டு வகை இலவச உழைப்பு. ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கொடுத்தால் அது சேவை. அவருக்கு நாற்காலியும், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் உரிமையும் கிடைக்கும். இன்னொருவரின் தாத்தன் பாட்டன் எல்லாம் கொடுத்தது கடமை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எங்கள் டிரஸ்ட் ஆண்டறிக்கையில் 'பயனாளிகள்' என்று வருகிறார்கள். அந்த ஆண்டறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.

என் அப்பாவின் அப்பா நீர்பாய்ச்சி. உங்கள் பக்கம் நீர்க்கட்டி, கம்புகட்டி, மடைக்குடும்பன் என்று வேறு பெயர்கள் இருக்கலாம். மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைப்பது, மழை ராத்திரியில் கரையைச் சுற்றி வருவது எல்லாம் அவர்கள் வேலை. பல ஊர்களில் இது பட்டியல் சாதியினரிடம் இருந்த வேலை. கூலி, அறுவடைக்களத்தில் அளந்து போடும் நெல். ('மடையன்' என்ற வசவு இவர்களிடமிருந்துதான் வந்தது என்று சொல்வார்கள். மொழி தெரிந்தவர்கள் அது 'மடமை'யின் உறவு, வேறு வேர் என்கிறார்கள். இருக்கட்டும், திட்டுகிறவனுக்கு வேர் எதற்கு?) அந்த வேலையைக் கடைசியாகப் பார்த்தவர் எனக்குப் பெரியப்பா முறை. தூர்வாரத் தொடங்கிய முதல் வாரம் அவர் கரையில் வந்து நின்றார். பொக்லைன் கண்மாயின் நடுவில் ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்தது. பொறியாளர் உற்சாகமாக இருந்தார், இத்தனை அடி ஆழம், இத்தனை லட்சம் லிட்டர் என்று.

பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏப்பா, மடைக்கல்லுக்குக் கீழ தோண்டுறாங்களே, அந்தத் தண்ணி எப்புடி வெளிய வரும்? அது கண்மாய் இல்லப்பா, கெணறு. கெணத்துத் தண்ணி மோட்டார் வச்சிருக்கவனுக்குத்தான்."

இதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நீங்கள் எல்லோரும் தூர்வாரும் படங்களைப் பகிர்கிறவர்கள். கண்மாய் நீர் மடை வழியாகத் தானாக இறங்கி, வாய்க்காலில் ஓடி, கடைமடை வரை போக வேண்டும். மடையின் அடிமட்டத்துக்கு மேலே நிற்கிற நீர்தான் அப்படி ஓடும். அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அந்த நீர் அங்கேயே நிற்கும். ஆவியாகும், அல்லது நிலத்துக்குள் இறங்கும். நிலத்தடி நீர் உயர்வது நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான், ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் மின் இணைப்பும் வைத்திருப்பவருக்கு. எங்கள் ஊரில் கடைமடையில்தான் எங்கள் ஆட்களின் நிலம். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர். அங்கே மோட்டார் கிடையாது, வாய்க்கால் நீர்தான். நடுவில் பள்ளம் பறித்துவிட்டு வரத்துக்கால்களை அப்படியே விட்டால், அடுத்த மழையில் முதலில் அந்தப் பள்ளம்தான் நிரம்பும். மடைக்கு எட்டும் அளவுக்கு நீர் ஏறுவதற்குள் மழை முடிந்துவிடும்.

அப்படியேதான் நடந்தது. அடுத்த ஆண்டு கண்மாயில் நீர் நின்றது, பறவைகள் வந்தன, ஒரு பத்திரிகையில் படமும் வந்தது. மடையில் சொட்டு நீர் இல்லை. கடைமடை கரம்பாகக் கிடந்தது. மேல்மடைக்காரர் கிணறுகளில் நீர் ஏறியது. யாரும் சதி செய்யவில்லை, தோழர்களே. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஆறு பேருக்கு ஆயக்கட்டில் நிலம், எல்லாம் மேல்மடை. அவர்கள் கண்ணுக்குக் கண்மாய் என்றால் அதுதான். பெரியப்பா சொன்னதை நான் கூட்டத்தில் சொன்னேன். "பழைய காலத்து ஆள், அவருக்கு நிலத்தடி நீர் பத்தித் தெரியாது தம்பி" என்று பொறியாளர் சிரித்தார். நானும் மேலே பேசவில்லை. பெரியப்பாவுக்கு அன்றைய கூலி தந்தோம். செடிகளுக்கு நீர் ஊற்றும் வேலைக்கு.

சீமைக் கருவேல மரம் வெட்டியதும் அதே கதைதான். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த மரங்களை அகற்ற உத்தரவிட்டபோது ஊருக்கு ஊர் ஒரு வேகம் வந்தது. மரம் நீரை உறிஞ்சுகிறது என்பது எவ்வளவு உண்மை என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைப்பவர்கள் எத்தனை குடும்பம்? எங்கள் தெருவில் அதுதான் அடுப்பு விறகு. வெட்டுவதற்கு முன்னால் எங்கள் தெருப் பெண்களிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீர்மானத்தில் 'ஊர்மக்கள் ஒத்துழைப்புடன்' என்று எழுதியிருக்கிறது.

இனி நான் சொல்லத் தயங்கிய பகுதி. எங்கள் கண்மாயில் இரண்டு வகை ஆக்கிரமிப்பு இருக்கிறது. உள்வாயில் ஒரு தென்னந்தோப்பு, கம்பி வேலி, ஆழ்துளைக் கிணற்றோடு. யாருடையது என்று ஊருக்கே தெரியும். இன்னொன்று கரையின் கோடியில், கலுங்குக்குப் பக்கத்தில் பதினொரு வீடுகள். வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு மேல் மனு போட்டு, கிடைக்காமல், தெருவில் இடம் போதாமல் அங்கே போய்க் குடிசை போட்டவர்கள். ஊர் நத்தத்தில் இடம் கொடுக்காதவர்கள் புறம்போக்கில்தான் இருப்பார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு ஆக்கிரமிப்பாளர் என்று பெயர் வரும்.

டிரஸ்ட் ஒரு தீர்மானம் போட்டது. தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி கண்மாயில் உள்ள அனைத்து ஆக்கிரமிப்புகளையும் அகற்றக் கோரி மனு. 'அனைத்து' என்ற சொல்லை நான் நம்பினேன். தோப்பும் போகும், வீடுகளுக்கு மாற்று இடம் கேட்டுக்கொள்ளலாம் என்று மனக்கணக்குப் போட்டேன். மாற்று இடம் என்பதைத் தீர்மானத்தில் எழுத வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஒன்பது கையெழுத்தில் என்னுடையது ஏழாவது.

அளக்க வந்தார்கள். தோப்புக்கு எல்லைத் தகராறு என்று ஒரு கோப்பு தொடங்கி அது இன்றுவரை நடக்கிறது. பதினொரு வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. அதில் ஒரு வீடு என் அத்தை வீடு. எங்கள் மனுவின் நகல் எப்படியோ அவர் கைக்குப் போயிருக்கிறது. அவருக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். நான் போனபோது சத்தம் போடவில்லை. "இதுல ஒம் பேரும் இருக்காமேப்பு?" என்று மட்டும் கேட்டார்.

மகாத் சவுதார் குளத்தை நாம் எல்லோரும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். 1927 மார்ச் 20, அண்ணல் நீர் அருந்தியது. அதற்குப் பின்னால் நடந்த வழக்கை நாம் அதிகம் பேசுவதில்லை. பொது நீர்நிலைகள் எல்லோருக்கும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923-இலேயே தீர்மானம் போட்டாயிற்று. மகாத் நகராட்சியும் 1924-இல் குளத்தைத் திறந்துவிட்டது. அப்புறமும் ஆதிக்கச் சாதியினர் நீதிமன்றம் போனார்கள். குளம் பொதுச்சொத்து இல்லை, நெடுங்கால வழக்கப்படி எங்களுடையது என்று வாதம். அந்த வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லி முடிக்க 1937 ஆயிற்று. பத்து ஆண்டு. சண்டை ஒரு கை நீரோடு முடியவில்லை. இந்தக் குளம் யார் பொறுப்பில் என்ற கேள்வியில்தான் போய் நின்றது. இன்றைக்கு எந்த டிரஸ்டும் கண்மாயில் யாரையும் நீர் எடுக்க விடாமல் தடுப்பதில்லை. எங்கே தோண்டுவது, எதை வெட்டுவது, யாரை ஆக்கிரமிப்பாளர் என்று எழுதுவது என்பதை முடிவு செய்கிற இடத்துக்குத்தான் நாம் போவதில்லை.

அந்த இடம் எப்படிப்பட்டது என்று ஒரு கணக்காளனாகச் சொல்கிறேன். முத்திரைத்தாளில் ஒரு பத்திரம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு, முடிந்தது. மகாராஷ்டிரத்தில் 1950-லிருந்து பொது அறக்கட்டளைகளுக்கென்று சட்டமும் அறக்கட்டளை ஆணையரும் உண்டு. தமிழ்நாட்டில் அப்படிப் பொதுவான சட்டம் இல்லை. கோயில் என்றால் அறநிலையத் துறை கேட்கும். கண்மாய் டிரஸ்டை யார் கேட்பது? நிறைய பத்திரங்களில் நிறுவனர்கள் ஆயுட்கால அறங்காவலர்கள். ஒருவர் இறந்தால் மீதிப்பேர் சேர்ந்து இன்னொருவரை நியமிப்பார்கள். மாமா போனால் மருமகன். தேர்தல் கிடையாது, இடஒதுக்கீடு கிடையாது, கிராமசபையில் கணக்கு வைக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. தப்பு நடந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம், அதற்கும் நீதிமன்ற அனுமதி வேண்டும். எங்கள் அத்தை போடுவாரா?

அரசாங்கத்தைப் புகழ்ந்து எனக்குப் பழக்கமில்லை. ஆனால் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் பழைய 2004-ஆம் ஆண்டு விதிகளைப் பாருங்கள். உள்ளாட்சி அமைக்கிற மேலாண்மைக் குழுவில் தலைவரைத் தவிர ஆறு பேர் வரை இருக்கலாம் என்று இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் என்று எழுதியிருந்தார்கள். ஆறு பேரில் 18 விழுக்காடு என்றால் ஒருவருக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். வன உரிமைச் சட்டத்தில் கிராமசபை தேர்ந்தெடுக்கும் குழுவில் பழங்குடியினர் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். காகிதத்தில் இருப்பதற்கும் நடப்பதற்கும் உள்ள தூரம் எனக்கும் தெரியும். ஆனால் கேட்பதற்கு ஒரு காகிதமாவது இருக்கிறது. பாசனச் சங்கங்களுக்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டம் நில உடைமையாளரைத்தான் உறுப்பினர் என்கிறது. நிலமற்றவர் கண்மாய்க்கு யாரும் இல்லை. 2017-இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே தொடங்கிய அரசுத் திட்டமும் ஆயக்கட்டு விவசாயிகள் வழியாகத்தான் போனது. 'முற்போக்கான' நம் சூழல் டிரஸ்டுகள் இவற்றில் எதைப் போல இருக்கின்றன?

நான் ராஜினாமா செய்யப் போனேன். பெரியப்பாதான் தடுத்தார். "நீ வெளிய வந்துட்டா பத்து வருசத்துக்கு அந்தப் புத்தகத்த நம்ம கண்ணுல காட்ட மாட்டாங்கெ" என்றார். அதனால் உள்ளேயே சண்டை. எங்கள் பத்திரத்தில் நிர்வாக விதிகளைத் திருத்தலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. பல பத்திரங்களில் இருக்காது, கையெழுத்துப் போடும் முன் அதை முதலில் தேடுங்கள். ஒன்றரை ஆண்டு பேசி மூன்று மாற்றம் கொண்டுவந்தோம். ஆயுட்காலப் பதவி போய் ஐந்தாண்டு ஆனது. கூட்டத்துக்கு வரும் அறங்காவலருக்கு அன்றைய விவசாயக் கூலி அளவுக்குப் படி. இதற்குத்தான் பெரிய எதிர்ப்பு. "காசு வாங்கினா அது சேவையா?" என்று உரக்கடைக்காரர் கேட்டார். வருமான வரிச் சட்டம் தடுக்கும் என்றும் பயமுறுத்தினார்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு போய், அறங்காவலருக்குச் செய்த வேலைக்கு நியாயமான அளவில் கொடுப்பதை அது தடுக்கவில்லை, அதிகமாகக் கொடுப்பதைத்தான் பிடிக்கிறது என்று வரி வரியாகக் காட்டினேன். கணக்குப் படித்ததற்கு அன்றுதான் பலன். மூன்றாவது, கூட்டம் ஞாயிறு காலை தலைமையாசிரியர் வீட்டுத் திண்ணையில் நடந்தது மாறி, மாலை ஆறு மணிக்கு எங்கள் தெரு நூலகத்தில் நடக்கிறது. திண்ணையில் எல்லோருக்கும் ஒரே டம்ளர்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் என் அம்மா அந்தத் திண்ணையில் ஒருநாளும் ஏறி உட்கார்ந்ததில்லை.

இரண்டு பேர் விலகினார்கள். அந்த இடத்துக்குப் பெரியப்பாவும், நூறு நாள் வேலையில் பதினைந்து வருடம் மண் சுமந்த ஓர் அக்காவும் வந்தார்கள். அந்த அக்கா வந்த முதல் கூட்டத்திலேயே வரத்துக்கால் எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று ஆறு இடம் சொன்னார். வரைபடம் கிடையாது, ஒவ்வோர் இடத்திலும் அவர் மண் அள்ளியிருக்கிறார். அவற்றில் நான்கைச் சரி செய்தோம். மீதி இரண்டும் தனியார் வேலிக்குள். போன மழையில் மடை வழியாகக் கொஞ்சம் நீர் போனது. கடைமடை வரை போகவில்லை. நடுவில் தோண்டிய பள்ளத்தைத் தூர்ப்பதா வேண்டாமா என்று பொறியாளரும் பெரியப்பாவும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் அவர் பெரியப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எதுவுமே சொல்லாமல் பேச்சை ஆரம்பிக்கிறார்.

உங்களில் பலர் ஊருக்குப் போய் இப்படி ஒரு வேலை தொடங்கப் போகிறீர்கள், அல்லது படித்த பிள்ளை என்று யாராவது உங்களை டிரஸ்டியாகக் கூப்பிடுவார்கள். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி நீர்நிலைகளுக்கு நிறைய வருகிறது. அழைப்பும் நிறைய வரும். போங்கள். பத்திரத்தை முழுக்கப் படியுங்கள். நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் இரண்டாவது ஆள் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். ஒற்றை ஆளாக உட்கார்ந்து நான் என்ன கிழித்தேன் என்று பார்த்தீர்கள். 'அனைத்து ஆக்கிரமிப்பு' என்று எழுதினால், எது எது, யாருடையது, குடியிருப்பவருக்கு எங்கே இடம் என்று அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

பதினொரு வீடும் இன்னும் நிற்கின்றன. வழக்கறிஞர் தோழர் ஒருவர் ஆட்சேபனை மனு போட்டிருக்கிறார். பழைய தீர்மானத்தைத் திரும்பப் பெற்று, வீட்டுமனைப் பட்டா கேட்டு டிரஸ்டே மனுக் கொடுக்க வேண்டும் என்று நான் வைத்த தீர்மானம் போன கூட்டத்தில் நான்குக்கு நான்கு என்று நின்றுவிட்டது. ஒன்பதாவது ஆள் தலைமையாசிரியர். உடம்பு சரியில்லை என்று வரவில்லை. நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். உண்மையிலேயே உடம்பு சரியில்லைதான். தீர்மான நகலை வாங்கிக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். "செவ்வாய்க்கிழமை தானே கூட்டம்?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள் தோழர்களே.